கம்பி இல்லாத கடிவாளம்: சும்மா நின்ற குதிரையை வேலைக்குத் திருப்புவது எப்படி?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் முடியும்வரை காரைக்கால் கரையோரம் காற்றாடிக் கிடக்கும். வடக்கே பூவம் எல்லையிலிருந்து தெற்கே வாஞ்சூர்வரை இதே கதைதான். கடற்கரைச் சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ குதிரை வைத்திருப்பவருக்கு அந்த மூன்று மாதமும் செலவுதான், வரவு இல்லை. குதிரைக்கு வேலை நின்றுவிடும், தீனி நிற்காது. பொங்கல் நெருங்கும்போது முதலாளிக்குத் திடீரென்று அவசரம் வரும். கட்டிப்போட்ட குதிரையை அவிழ்த்து, வாயில் கம்பியைத் திணித்து, மறுநாளே ஆள் ஏற்றப் பார்ப்பார்.

பெரிய அளவில் குதிரைகள் இப்படிச் சும்மா நின்றது சென்னை மெரினாவில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடற்கரை மூடப்பட்டது. மக்களுக்கு மீண்டும் திறந்தது டிசம்பர் 14 அன்று. ஏறத்தாழ ஒன்பது மாதம் சவாரிக் குதிரைகளுக்கு வேலை இல்லை. மெரினாவானாலும் பூவமானாலும் கேள்வி ஒன்றுதான்: உடல் தளர்ந்து பழக்கமும் விட்டுப்போன குதிரையை, அதற்கும் மேலே ஏறுபவருக்கும் கேடு வராமல் வேலைக்குத் திருப்புவது எப்படி? இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தால் அது ஒரு தொழில்.

அந்தத் தொழிலில் இறங்க நினைப்பவருக்கான கையேடு இது. அதிலும் வாயில் கம்பி போடாமல், மூக்குப்பட்டை மட்டும் உள்ள கடிவாளத்தில் பழக்க விரும்புபவருக்கு. ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம்: கம்பியை எடுத்துவிட்டால் வேலை சுருங்காது, கூடும்.

ஒப்புக்கொள்ளும் முன் பேசி முடிக்க வேண்டியவை

குதிரையை விடக் கடினமான ஆள் அதன் உரிமையாளர். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"தம்பி, இன்னும் பத்து நாள்ல பொங்கல். அதுக்குள்ள ஏத்தி ஓட்டிப்புடலாம்ல?"

"ஓட்டலாம்ணே. ஆனா மாசி மகத்தப்போ கால் வீங்கி நிக்கும். அப்ப வைத்தியச் செலவு யாருது?"

இந்தப் பதிலைச் சொல்லத் துணிவில்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் சும்மா நின்ற குதிரைக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் கையில் எடுத்தால் பொங்கலுக்குத் தயாராகாது. மாசி மகத்தை ஒட்டித்தான் தயாராகும். பொங்கல் கூட்டம் வேண்டும் என்றால் அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். இன்னும் நல்லது, குதிரையை முற்றிலும் நிறுத்தாமல் இருப்பது. மழை விட்ட நேரத்தில் தினம் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்தினாலே பாதி வேலை மிச்சம்.

கூலி பேசும்போது ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

1. கூலி வாரக் கணக்கில். "தயாரானதும் மொத்தமாகத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.
2. மருத்துவர், லாடம், தீனிச் செலவு உரிமையாளருடையது.
3. குதிரை நொண்டினால் அல்லது தீனி எடுக்காவிட்டால் அன்றே வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு.
4. பழக்கும் காலத்தில் வேறு யாரும் ஏறக் கூடாது. உரிமையாளரின் மகனும் சேர்த்துத்தான்.
5. கம்பி இல்லாத கடிவாளத்தில் பழக்கிய குதிரையை, ஒப்படைத்த மறுநாளே கம்பி மாட்டி ஓட்டக் கூடாது.

முதல் வாரம்: ஏறாதீர்கள், பாருங்கள்

முதல் வாரம் முழுவதும் சேணம் சுவரிலேயே தொங்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது அளப்பதும் எழுதுவதும்.

குதிரை ஓய்வாக நிற்கும்போது இடது முழங்கைக்குப் பின்னால் விலாவில் கை வைத்து அல்லது ஸ்டெதாஸ்கோப் வைத்து, 15 விநாடி இதயத்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதினால் இந்தக் குதிரைக்கு இயல்பான எண் எது என்று பிடிபடும். அதுவே இனி வரும் எல்லா முடிவுக்கும் அளவுகோல்.

எடையைக் கணக்கிட ஒரு டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை செ.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் எடை சுமார் 265 கிலோ.

இந்த எண்ணை வைத்து உடனே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. குதிரை தன் எடையில் 20 சதவீதம்வரை சுமக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. சேணமும் இதில் அடக்கம். தளர்ந்து நின்ற குதிரைக்கு 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 265 கிலோ குதிரைக்கு அது 40 கிலோதான்; நல்ல கட்டோடு இருக்கும்போதுகூட 53 கிலோ. நம் ஊர்ச் சிறு குதிரைகள் பலவற்றுக்கு எழுபது கிலோ ஆள் அதிகச் சுமை. நீங்களே கனமானவர் என்றால் தரைப் பயிற்சியை நீங்கள் பாருங்கள், மேலே ஏற எடை குறைந்த, பழகிய ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் எடை இடிக்கிறது என்றால், அந்தக் குதிரைக்கு ஆள் ஏற்றும் வேலை ஏற்றதல்ல என்று உரிமையாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுவது நேர்மை.

இதே வாரத்தில் கால்நடை மருத்துவரை ஒருமுறை வரவழையுங்கள். தனுர்வாத ஊசி கட்டாயம். இந்த நோய்க்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். சாணப் பரிசோதனை செய்து அதற்கேற்பக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மெலிந்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும் குதிரை என்றால் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கம்பி போடப்போவதில்லையே என்று பல்லை விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கூராக வளர்ந்திருந்தால், மூக்குப்பட்டை கன்னத்தை அழுத்தும்போது உட்புறம் கிழியும். அந்த வலியில் தலையை உதறும் குதிரையைப் 'பிடிவாதக் குதிரை' என்பது அநியாயம்.

குளம்பைத் தூக்கி மோந்து பாருங்கள். மழைக்காலச் சேற்றில் நின்ற குதிரைக்குக் குளம்பின் நடுவிலுள்ள மென்பகுதி அழுகி நாற்றம் அடிக்கும். காய்ந்த தரை, தினசரிச் சுத்தம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுதல் இவை மூன்றும் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

புதுச்சேரி அருகே குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பூவத்தில் குதிரை புதுச்சேரி அரசின் எல்லைக்குள் நிற்கிறது. எல்லையாக ஓடும் நண்டலாற்றைத் தாண்டி மேய்ந்தால் தமிழ்நாடு. அதனால் ஊசிச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் ஒரே கோப்பில் போட்டு, குதிரை போகும் இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப்போங்கள்.

தீனி: டெல்டாவின் மூன்று கண்ணிகள்

முதலாவது வைக்கோலும் தவிடும். நெல் விளையும் ஊரில் மலிவாகக் கிடைப்பவை இவை. வைக்கோலில் சத்து குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. போதாததற்கு நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட், குதிரையின் உடலில் சுண்ணாம்புச்சத்து சேரவிடாமல் தடுக்கும். மாட்டுக்குப் பொருந்தும் இந்தத் தீனியை மாதக்கணக்கில் குதிரைக்குப் போட்டால் எலும்பு வலுவிழக்கும், முகம் வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். அருகம்புல்லும் கொஞ்சம் குதிரைமசாலும் கிடைக்க வழி செய்யுங்கள். சூபாபுல் தழையை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள நச்சுப்பொருளால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

இரண்டாவது மணல். கடலோரத் தரையில் தீனியைக் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். குடலில் மணல் தங்கி உயிரை வாங்கும் வயிற்றுவலி வரும். சோதிப்பது எளிது. தரையில் படாத புதுச் சாணத்தில் சில உருண்டைகளைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மணல் படிந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தீனியைத் தொட்டியில் வைப்பது அன்றே தொடங்கட்டும்.

மூன்றாவது கண்ணி கொள்ளு. வேலைக்குப் போகப்போகிறதே என்று முதல் நாளிலிருந்தே ஊறவைத்த கொள்ளை அள்ளி வைப்பது பலரின் வழக்கம். ஓய்வில் நின்று தானியம் தின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் பின்தொடைத் தசை கட்டையாக இறுகும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும், நகர முடியாமல் நிற்கும். அப்படி நின்றால் அங்கேயே விட்டுவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்; நடத்திப் பார்ப்பது தசையை இன்னும் சிதைக்கும். வேலை கூடிய பிறகே தீனி கூட வேண்டும்; வேலை இல்லாத நாளில் தானியம் குறைய வேண்டும். வியர்வையில் உப்பு நிறையப் போவதால் உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கம்பி வேண்டாம் என்றால் எது?

குதிரையின் வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு உண்டு. கம்பி உட்காரும் இடம் அது. மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்பு. முரட்டுக் கை அங்கே செய்யும் காயம் வெளியில் தெரியாது. மெதுவான கை உள்ளவர் மெல்லிய கம்பியால் வலிக்காமல் ஓட்ட முடியும், மறுக்கவில்லை. ஆனால் சவாரித் தொழிலில் லகானைப் பிடிப்பவர் பெரும்பாலும் புதியவர். சமநிலை தவறும்போதெல்லாம் லகானில்தான் தொங்குவார். அந்த எடை வாயில் விழுவதைவிட மூக்கெலும்பில் விழுவது மேல். கம்பியில்லாக் கடிவாளத்துக்குச் சவாரித் தொழிலில் இடம் இருப்பது இதனால்தான்.

நான்கு வகைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சைடுபுல்: மூக்குப்பட்டையின் இரு பக்கமும் வளையம், அதில் லகான். வலது இழுத்தால் வலது பக்கம் திரும்பும். குதிரைக்குப் புரிவது எளிது. தொடங்குபவருக்கு இதைத்தான் சொல்வேன். நல்ல தோல் வேலை தெரிந்தவர் உள்ளூரிலேயே தைத்துக் கொடுக்க முடியும்.

குறுக்கு வார்க் கடிவாளம்: லகான் தாடைக்கு அடியில் குறுக்காகப் போய் மறுபக்கக் கன்னத்தை அழுத்தும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் ராபர்ட் குக் இதைப் பரப்பினார். திருப்புவதற்கு நல்லது, லகானைத் தளர்த்தியதும் வார் உடனே விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சில தோல்களில் சிக்கிக்கொள்ளும்.

போசால்: முறுக்கிப் பின்னிய தோல் வளையம். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளின் மரபு. தேர்ந்த கைக்கே உரியது.

மெக்கானிக்கல் ஹாக்கமோர்: பக்கங்களில் நீண்ட இரும்புக் கை, தாடைக்குக் கீழ் சங்கிலி. கம்பி இல்லை என்பதால் சாது என்று நினைத்துவிட வேண்டாம். நெம்புகோல் விசையில் மூக்கெலும்பையும் தாடையையும் நசுக்கக்கூடியது இது. புதியவர் கையில் கொடுக்கவே கூடாது.

எந்த வகையானாலும் பட்டை உட்காரும் இடம் முக்கியம். கன்னத்தில் ஓடும் எலும்பு மேட்டைத் தடவிப் பாருங்கள்; அது முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே பட்டை இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் மூக்கெலும்பு மெலிந்து குருத்தெலும்பாகிவிடும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட முடியாது. மூக்கை அழுத்தினால் மூச்சு திணறும். மூக்கின் மேல்புறம் பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கடலோரக் காற்றில் இரும்புப் பக்கிள் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். தையலை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கம்பி இல்லாத கடிவாளத்தில் ஒரு வார் அறுந்தாலும் உங்கள் கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

தரையில் முடிக்காததை மேலே முடிக்க முடியாது

கம்பிக்குப் பழகிய குதிரை வலிக்கு நிற்கப் பழகியது. வலியை எடுத்துவிட்டால் அது ஏன் நிற்க வேண்டும்? புதிய காரணத்தை நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் இருபது நிமிடம், தலைக்கயிற்றில் இந்த ஐந்தும்:

1. நீங்கள் நடந்தால் நடக்க, நீங்கள் நின்றால் நிற்க. கயிறு இறுகாமலே.
2. 'ஹோ' என்ற ஒரே சொல்லுக்கு நிற்க. வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும்.
3. மூக்கில் லேசாக அழுத்தினால் பின்னால் நகர. ஓரடி நகர்ந்ததும் அழுத்தத்தை விடுங்கள். குதிரை பாடம் கற்பது அழுத்தும்போது அல்ல, விடும்போது.
4. இடமும் வலமும் கழுத்தை மெதுவாக மடித்துத் தலையைத் தர.
5. விலாவில் விரல் வைத்தால் பின்னங்காலைக் குறுக்கே வைத்து விலக.

நான்காவதும் ஐந்தாவதும்தான் உங்கள் பிரேக். குதிரை மிரண்டு கிளம்பும்போது இரண்டு லகானையும் சேர்த்து இழுப்பது இயல்பான தவறு. அப்படி இழுத்தால் 265 கிலோவோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பீர்கள். கம்பி இருந்தாலும் அந்த மல்லில் நீங்கள் தோற்பீர்கள். ஒரே லகானை மெதுவாகச் சுருக்கித் தலையை ஒரு பக்கம் திருப்பி, பின்னங்காலை விலகச் செய்து, வட்டத்தைச் சிறிதாக்கினால் வேகம் தானே விழும். நாலுகால் பாய்ச்சலில் இதை வெடுக்கென்று செய்தால் குதிரை விழும். ஆகவே நிற்கும்போது நூறு முறை, நடையில் நூறு முறை பழக்கிவிட்டே டிராட்டுக்கு (துள்ளு நடைக்கு) போங்கள்.

அடுத்து, பின்னால் நடந்தபடி இரண்டு நீளக் கயிறுகளால் ஓட்டிப் பழக்குங்கள். மேலே ஏறும் முதல் நாட்களில் பழைய கம்பிக் கடிவாளத்தை அடியில் மாட்டி அதன் லகானைத் தொய்வாக விட்டு, மூக்குப்பட்டையின் லகானால் மட்டும் ஓட்டலாம். ஒரு வாரம் அந்தத் தொய்வு இறுகவே இல்லை என்றால் கம்பியைக் கழற்றிவிடுங்கள். முதல் சவாரி சுற்றிலும் வேலியுள்ள சிறு இடத்தில். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

பன்னிரண்டு வாரக் கணக்கு

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். தசைநாணும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். நான்காவது வாரத்தில் குதிரை மினுமினுவென்று துள்ளி நிற்கும். உரிமையாளர் 'ரெடி' என்பார். அந்த வாரம்தான் ஆபத்தான வாரம். மூச்சு தயார், கால் தயாரில்லை.

- 1–2: சவாரி இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து கையில் பிடித்து நடை, 15 நிமிடத்தில் தொடங்கி 30 வரை. தரைப் பயிற்சி.
- 3–4: மேலே ஏறி நடை மட்டும். 20 நிமிடத்திலிருந்து 40 வரை. திரும்பல், நிற்றல், பின்னடை.
- 5–6: நடைக்கு நடுவே ஒரு நிமிட டிராட், நான்கைந்து முறை.
- 7–8: டிராட் மூன்று நான்கு நிமிடமாக. புது இடம், புதுச் சத்தம்.
- 9–10: நேர்பாதையில் குறுகிய கேன்டர் (மிதமான பாய்ச்சல்), ஒருநாள் விட்டு ஒருநாள்.
- 11–12: உண்மையான வேலை போலவே ஒத்திகை: ஏற்று, இறக்கு, காத்திரு, மீண்டும் ஏற்று.

விதி ஒன்று: நேரம், வேகம், தரை, இவற்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். வாரம் ஒருநாள் முழு ஓய்வு. வேலை முடிந்து பத்து நிமிடத்தில் துடிப்பு 60-க்குக் கீழே வராவிட்டால் அன்றைய வேலை அதிகம். அடுத்த வாரம் கூட்ட வேண்டாம். காலையில் நான்கு கால்களின் பின்பக்கத் தசைநாணையும் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் ஓய்வு, மருத்துவர். நடக்கும்போது ஒரு முன்னங்கால் தரையில் படும் நேரம் தலை மேலே எழும்பினால் வலி அந்தக் காலில்.

மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்பது பாதி உண்மை. ஆழ்ந்த காய்ந்த மணலில் கால் புதைய, ஒவ்வொரு எட்டும் தசைநாணைக் கூடுதலாக இழுக்கும். முதல் ஆறு வாரம் மண்பாதையும் ஆற்றங்கரையும் போதும். பிறகு அலை நனைத்துப்போன கெட்டி மணல். காய்ந்த மணல் கடைசியில், அதுவும் நடை மட்டும்.

வெப்பத்துக்கு ஒரு எளிய கணக்கு: ஃபாரன்ஹீட் வெப்பத்தோடு காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டுங்கள். 130-க்குக் கீழ் கவலை இல்லை. 150-க்கு மேல் எச்சரிக்கை. 180-ஐத் தாண்டினால் வேலை வேண்டாம். வியர்வை காயாது, குதிரையால் உடலைக் குளிர்விக்க முடியாது. 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 80 என்றால் கூட்டல் 166. நம் கரையில் இதமான நாளே எச்சரிக்கை வரம்புக்குள் வருகிறது என்று பொருள். வேலை முடிந்ததும் நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள்.

பிறர் ஏறும் முன் ஒரு தேர்வு

உரிமையாளர், நீங்கள், குதிரைக்கு முகம் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர், மூவரும் இருக்கும்போது நடத்துங்கள். ஏறும்போது அசையாமல் நிற்கிறதா? 'ஹோ'வுக்கு மூன்று அடிக்குள் நிற்கிறதா? பைக் ஹாரன், பட்டாசு, பறக்கும் பாலிதீன், குலைக்கும் நாய் இவற்றுக்கு மிரண்டாலும் ஓடாமல் நிற்கிறதா? ஏறியவர் தெரியாமல் லகானில் தொங்கினால் தலையைத் தாழ்த்தி நிற்கிறதா? ஒன்றில் தவறினாலும் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். கம்பி மாட்டித் தேர்ச்சி பெறச் செய்வது தேர்ச்சி ஆகாது. கல்யாண ஊர்வலக் குதிரைக்கு நாதஸ்வரம், தவில், ஜெனரேட்டர் சத்தத்தில் தனித் தேர்வு வைக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-இல் வந்த விதிகளைத் தெரிந்திருக்க வேண்டும். முள்ளோ முனையோ வைத்த கடிவாளக் கம்பி சட்டப்படி தடை. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்கிடம் ஒருநாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரையிலும் கூடாது. சவாரிக் குதிரைக்கும் இதையே மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் படப்பிடிப்புக்குக் குதிரை கொடுப்பதென்றால் இந்திய விலங்கு நல வாரியத்தின் அனுமதி தேவை. முள் கம்பி மாட்டிய குதிரையைப் பழக்கச் சொன்னால், முதல் நிபந்தனையாக அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

வேலை எங்கே?

குதிரை வேலை என்றாலே ரேஸ் என்று இருந்த காலம் மாறிவருகிறது. 2024-இல் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் தமிழ்நாடு அரசு திரும்ப எடுக்க நடவடிக்கையில் இறங்கியது. ஓட்டத்திலிருந்து ஓய்வுபெறும் குதிரைகளுக்கும் வேறு வேலை கற்றுத்தர ஆள் வேண்டும். ஆரோவில்லின் ரெட் எர்த் போன்ற சவாரிப் பள்ளிகள், சென்னை, கோவை சவாரி மன்றங்கள், ஈ.சி.ஆர். விடுதிகள், கடற்கரை, ஊர்வலக் குதிரை வைத்திருப்போர் என்று வாய்ப்புகள் பரவிக் கிடக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் குதிரைப்படைப் போலீஸ் இருக்கிறது. கல்லூரி மாணவராக இருந்தால் என்.சி.சி.யின் ரீமவுன்ட், வெட்டர்னரி பிரிவு உங்கள் பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள். செலவில்லாமல் குதிரையேற்றம் பழக நல்ல வழி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஒருமுறை போய்வாருங்கள். வாங்க வேண்டாம், பல இனக் குதிரைகளின் கால், வாய், முதுகைப் பார்த்துப் பழகினாலே போதும்.

போட்டிப் பக்கம் போக நினைப்பவருக்கு ஒரு குறிப்பு: சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி ஜம்பிங் போட்டிகளில் கம்பியில்லாக் கடிவாளம் அனுமதிக்கப்படுகிறது, டிரஸாஜ் போட்டிகளில் கம்பி வேண்டும். எந்த வாசலுக்குப் போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

வேலை கேட்டுப் போகும்போது குதிரைமேல் உட்கார்ந்த போட்டோவைக் காட்டாதீர்கள். அது எல்லாரிடமும் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். தினம் ஒரு வரி: தேதி, எத்தனை நிமிடம், என்ன தரை, வேலைக்கு முன் துடிப்பு, பத்து நிமிடம் கழித்துத் துடிப்பு, கால் நிலை, தீனி மிச்சம். பன்னிரண்டு வாரம் விடாமல் எழுதிய ஒரு நோட்டு, நல்ல முதலாளியின் கையில் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. அந்தப் பூம்புகார், பூவத்துக்கு வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டிச் சற்றுத் தூரம்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும் பொருள் கொடுத்து வாங்கிய அயல்நாட்டுக் குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் இங்கே மடிந்ததை எழுதிவைத்தார். குதிரை வாங்கப் பணம் எப்போதும் கிடைத்திருக்கிறது. பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். அதற்கு வேண்டிய முதலீடு ஒரு டேப், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. அத்துடன், "இந்தப் பொங்கலுக்கு முடியாதுண்ணே" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு.